தில்லைநாயகி வீட்டுக்கு யார் பெண் கொடுப்பார்?

தகரக் கேட்டைத் தள்ளிக்கொண்டு நாங்கள் உள்ளே நுழைந்தபோது, வாசலில் பூக்கூடையைக் கவிழ்த்து உதறிக்கொண்டிருந்த அந்த வீட்டு அம்மாள் நிமிர்ந்து பார்த்தார். முதலில் எங்களை அழைத்துவந்த உபதேசியாரைப் பார்த்தார். அடுத்து என் கணவரை, என் மகனை. கடைசியாக, காரிலிருந்து பழத்தட்டோடு இறங்கி வந்துகொண்டிருந்த என்னை.

கூடையை அப்படியே போட்டுவிட்டு வீட்டுக்குள் போனார். கதவைச் சாத்தினார்.

சித்திரை வெயில். நிலக்கோட்டையிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளிய கிராமம். வீட்டைச் சுற்றி மூன்று பக்கமும் மல்லிகைச் செடிகள். காலையிலேயே மொட்டுப் பறித்து மார்க்கெட்டுக்கு அனுப்பியிருப்பார்கள் போல. ஆனாலும் பறிக்காமல் விட்டுப்போன ஒன்றிரண்டு மலர்ந்து, அந்த வெயிலிலும் வாசம் வந்துகொண்டிருந்தது. முற்றத்தில் நாங்கள் நால்வரும் வரிசையாக நின்றோம்.

அப்போது சாத்திய கதவுக்கு உள்ளிருந்து ஒரு பெண் குரல் உரக்கக் கேட்டது.

"இந்த வீட்டு வாசப்படியை மிதிக்க உனக்கு என்னடி தகுதி இருக்கு?"

என் மகன் ஜெரால்டு என்னைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

அது என் குரல்தான். சாயங்காலம் வரும் எங்கள் சீரியலை மறுநாள் மத்தியானம் மறுபடியும் போடுவார்கள். கதவுக்கு அந்தப் பக்கம் தில்லைநாயகி என்கிற கொடுமைக்கார மாமியார், மருமகளை வாசலில் நிறுத்தி விரட்டிக்கொண்டிருந்தாள். இந்தப் பக்கம் அவளே தன் மகனுக்குப் பெண் கேட்டு வந்து, கையில் ஆப்பிளும் ஆரஞ்சுமாக நின்றுகொண்டிருந்தாள்.

ஒத்தப் பொண்ணு

அந்த வீட்டுக்காரர்களுக்கு நான் யார் என்று முன்கூட்டியே தெரியாதா என்று நீங்கள் கேட்கலாம். நானும் அதையேதான் உபதேசியாரிடம் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டேன்.

வியாகுலம் உபதேசியார் எங்கள் பங்குக் கோயிலில் ஞானோபதேசம் சொல்லிக்கொடுப்பவர். மிச்ச நேரத்தில் திண்டுக்கல் சுற்று வட்டாரத்துக் கிறிஸ்தவக் குடும்பங்களுக்கு வரன் பார்த்துக் கொடுப்பார். நல்ல மனிதர். வாயில் பொய் வராது. ஆனால் உண்மையை எந்த அளவுக்குச் சொல்ல வேண்டும் என்பதில் அவருக்கென்று ஒரு கணக்கு உண்டு.

"பையனோட அம்மாவுக்கு மெட்ராஸ்ல வேலை, மாசத்துல பாதி நாள் அங்கதேன் இருப்பாங்கன்னு சொன்னேன்க்கா. அதுல என்ன பொய் இருக்கு?" என்றார்.

அவரைக் குற்றம் சொல்லிப் பயனில்லை. அதற்கு முன் வந்த வரன்களிடமெல்லாம் முழு உண்மையையும் சொல்லிப் பார்த்தவர்தான் அவர். பையன் நூல் மில்லில் எலக்ட்ரிக்கல் இன்ஜினியர், கெட்ட பழக்கம் கிடையாது, அப்பா ரிட்டயர்டு டிராயிங் வாத்தியார் என்பது வரைக்கும் எல்லாம் சரியாகப் போகும். "அம்மா?" என்று கேட்பார்கள். அதோடு முடிந்தது.

சாணார்பட்டிப் பக்கத்திலிருந்து ஒருவர் எனக்கே போன் செய்து பேசினார். மிகவும் மரியாதையாகத்தான் பேசினார். "ஒங்க நடிப்புன்னா எங்க வீட்டுல எல்லாத்துக்கும் உசுரும்மா. ஒரு நாள் விடாம பாத்துருவோம். ஆனா எங்களுக்கு இருக்குறது ஒத்தப் பொண்ணு" என்றார். நடிகையாக எனக்குக் கிடைத்த பாராட்டுகளில் அதைவிடப் பெரியது இதுவரை இல்லை. தாயாக அதைவிடப் பெரிய அடியும் இல்லை.

ஜெருசலேம் பெண்கள்

கதவு இன்னும் திறக்கவில்லை. அது திறப்பதற்குள் நான் தில்லைநாயகி ஆன கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

ஞானஸ்நானத்தில் எனக்கு வைத்த பெயர் அமலோற்பவம். எங்கள் ஊரில் ஈஸ்டரை ஒட்டிப் பாஸ்கு போடுவார்கள். ஏசுநாதரின் பாடுகளைக் கோயில் மைதானத்தில் நாடகமாக நடிப்பது அது. மாதா வேஷம் முதற்கொண்டு எல்லாமே ஆண்கள்தான் கட்டுவார்கள். நான் பள்ளிக்கூடம் படித்துக்கொண்டிருந்த ஒரு வருஷம், சிலுவைப் பாதையில் நின்று அழும் ஜெருசலேம் பெண்களுக்கு மட்டும் நிஜப் பெண்களையே நிறுத்தலாம் என்று முடிவானது. அழ வேண்டும், அவ்வளவுதான். வசனம் கிடையாது.

எனக்கு அழுகை என்றால் வாய்விட்டு அழுவதுதான். ஏசுவாக நடித்த தையல்காரர் சிலுவையைச் சுமந்துகொண்டு வந்தார். நான் போட்ட ஓலத்தில் திடுக்கிட்டுப் போய், திரும்ப வேண்டிய இடத்துக்கு முன்பே திரும்பி நின்றுவிட்டார். என் அருகில் குனிந்து, "மெதுவா அழு பாப்பா. எனக்கு வசனம் மறந்துபோச்சு" என்றார். கூட்டம் அதை ஏசு எனக்குச் சொன்ன ஆறுதல் என்று நினைத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டது.

அன்றிலிருந்து எனக்கு அழுகைதான் தொழில். பங்கு நாடகங்கள், பிறகு மதுரையில் ஒரு நாடகக் குழு. அந்தக் குழுவுக்குப் பின்திரை வரைந்து கொடுக்க வந்தவர்தான் சவரிமுத்து. அவர் வரைந்த கல்வாரி மலை அப்படியே திண்டுக்கல் மலைக்கோட்டை மாதிரி இருந்தது. கேட்டேன். தனக்குத் தெரிந்த மலை அது ஒன்றுதான் என்றார். அந்தப் பதில் பிடித்துப்போய்தான் அவரைக் கல்யாணம் செய்துகொண்டேன்.

பிறகு சினிமா. கதாநாயகனின் தங்கையாக அழுதேன். சில வருஷம் போனதும் அண்ணியாக, அப்புறம் அம்மாவாக. கணவனைப் பறிகொடுத்தும், பிள்ளையைப் பறிகொடுத்தும், ஒரு படத்தில் பசுமாட்டைப் பறிகொடுத்தும் அழுதிருக்கிறேன். "அழுகைக்கு அமலியக் கூப்பிடு" என்பது புரொடக்‌ஷன் மேனேஜர்களிடையே ஒரு வழக்கு. ஆனால் தியேட்டரை விட்டு வெளியே வந்தவர்களுக்கு என் முகம் ஞாபகம் இருக்காது. திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் யாரும் என்னைத் திரும்பிப் பார்த்ததில்லை.

இந்த சீரியலுக்குக்கூட அழுவதற்குத்தான் கூப்பிட்டார்கள். மருமகளின் தாயார் வேஷம். மாமியாராக நடிக்க வேண்டியவர் கடைசி நேரத்தில் வரவில்லை. செட் தயார், விளக்குகள் எரிகின்றன, டைரக்டர் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கிறார். "அமலிம்மா, இன்னைக்கு ஒரு சீன் மட்டும் மாமியாரா நில்லுங்க. வசனம் வேண்டாம். மருமகளை ஒரு பார்வை பார்த்தா போதும்" என்றார்.

பார்த்தேன். இடது கண்ணை மட்டும் கொஞ்சம் சுருக்கி, மோவாயைத் தூக்கி, நெடுநேரம் பேசாமல். எதிரே நின்ற பெண்ணுக்கு நிஜமாகவே உதடு நடுங்கியது. அவ்வளவுதான், மருமகளின் தாயாருக்கு வேறு ஆளைப் பார்த்துவிட்டார்கள்.

அந்தப் பார்வை என்னை எங்கேயோ கொண்டுபோய்விட்டது. வத்தலக்குண்டு பஸ் ஸ்டாண்டில் ஒரு பழக்காரம்மா எனக்குக் கொய்யாப்பழம் கொடுக்க மாட்டேன் என்றார். "மொதல்ல அந்தப் புள்ளைய வீட்டுக்குள்ள சேத்துக்க, அப்புறம் பழம் தாரேன்" என்றார். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. முப்பது வருஷம் அழுது கிடைக்காத பேர், கண்ணைச் சுருக்கியதில் கிடைத்தது.

அந்தப் பேர்தான் இப்போது என் மகனின் கல்யாணத்துக்குக் குறுக்கே நின்றது.

கிணற்றடியில் சிரிப்பு

கதவைத் திறந்தவர் பெண்ணின் அப்பா அருளப்பன். தலையில் கட்டிய துண்டை அவசரமாக அவிழ்த்துக்கொண்டே, "வாங்க வாங்க, வெயில்ல நிக்காதீக" என்று கூப்பிட்டு உட்கார வைத்தார். டிவி அணைந்திருந்தது. அம்மாள் சமையலறைக்குள்ளேயே இருந்தார். பாத்திரங்களின் சத்தம் மட்டும் வந்தது. அவர் பெயர் லூர்து மேரி என்று உபதேசியார் என் காதில் சொன்னார்.

பெண் சகாயா காப்பி கொண்டுவந்தாள். வத்தலக்குண்டில் ஒரு பள்ளிக்கூடத்தில் பிசிக்ஸ் டீச்சர். நிமிர்ந்து நேராகப் பார்க்கும் முகம். எனக்குக் காப்பி கொடுக்கும்போது மட்டும் உதட்டோரம் ஒரு சிரிப்பு வந்து மறைந்தது. பயந்த சிரிப்பில்லை அது. வகுப்பில் வேடிக்கையான விடைத்தாள் கிடைத்தால் டீச்சர்களுக்கு வருமே, அப்படி ஒரு சிரிப்பு.

பிள்ளைகள் இருவரும் செத்த நேரம் தனியாகப் பேசட்டும் என்று அருளப்பன் சொன்னார். கிணற்றடிப் பக்கம் போனார்கள். கொஞ்ச நேரத்தில் அங்கிருந்து இருவரும் சேர்ந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. ஜெரால்டு கூச்ச சுபாவம். வீட்டில்கூட அப்படிச் சிரிக்க மாட்டான். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் நான் நிச்சயதார்த்தச் சேலை வரைக்கும் யோசித்துவிட்டேன்.

லூர்து மேரியும் கேட்டிருப்பார். சமையலறை நிலையில் வந்து நின்று, என்னைப் பார்க்காமல், உபதேசியாரிடம் பேசினார்.

"பையன் மேல குத்தம் சொல்ல ஒண்ணுமில்ல. நல்ல புள்ளையாத் தெரியுது. ஆனா எம்பொண்ண அந்த வீட்டுக்கு அனுப்ப எனக்கு மனசு வரல. நெஞ்சுல பட்டதச் சொல்லிட்டேன். மன்னிச்சுக்கங்க."

பழத்தட்டு அங்கேயே இருந்தது. திரும்பும் வழியில் செம்பட்டி வந்ததும் உபதேசியார் டீ குடிக்கலாமா என்று கேட்டார். கார் நிற்கவில்லை.

திருந்தக் கூடாதாம்

மறுநாள் நான் டைரக்டருக்குப் போன் செய்தேன். தில்லைநாயகியைக் கொஞ்சம் திருத்திவிட முடியுமா என்று கேட்டேன். ஒரு காய்ச்சல் வரட்டும், மருமகள் பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்ளட்டும், மனசு மாறட்டும். எத்தனையோ கதையில் நடக்கிறதுதானே?

அவர் பொறுமையாகக் கேட்டார். பிறகு, "அமலிம்மா, நீங்க திருந்துனா சீரியல் முடிஞ்சிரும். லைட் பாய் வரைக்கும் எத்தனை குடும்பம் இருக்குன்னு நினைச்சுப் பாருங்க" என்றார். அப்படியானால் நான் விலகிக்கொள்கிறேன் என்றேன். "கோமாவுல வேணும்னா கொஞ்ச நாள் படுக்க வைக்கிறேன். யோசிச்சுச் சொல்லுங்க" என்றார்.

யோசித்தேன். மனசாரச் சொன்னால், வலித்தது. இவ்வளவு வருஷம் கழித்துக் கிடைத்த வேஷம். வசனத்தாளை வாங்கும்போது இன்றைக்கு என்ன செய்யப்போகிறோம் என்று ஒரு குறுகுறுப்பு வருமே, அது எனக்கு ஐம்பது வயதைத் தாண்டித்தான் முதன்முதலில் வந்தது. ஆனால் கிணற்றடியில் கேட்ட சிரிப்பும் காதைவிட்டுப் போகவில்லை.

விலகிவிடுகிறேன் என்று வீட்டில் சொன்னேன். என் கணவர் தட்டிலிருந்து நிமிரவில்லை. "எங்கம்மா இருந்திருந்தா, நேராப் போயி அந்த வீட்டு நடையில உக்காந்து பேசியிருக்கும்" என்று மட்டும் சொன்னார்.

ஜெரால்டு சாப்பிட்டு முடித்துக் கை கழுவிவிட்டு வந்தான். பேச்சு குறைந்தவன். நின்றபடியே சொன்னான்.

"நீ நடிக்கிறத விட்டுட்டுத்தான் எனக்குக் கல்யாணம் நடக்கணும்னா, அது வேணாம்மா. அப்படி ஒருத்தி வந்தாலும் எனக்கு அவ மேல எப்பவும் வருத்தம் இருக்கும்."

விலகும் பேச்சை அதோடு விட்டேன். சென்னைக்கு ரயிலேறினேன். அந்தத் தடவை தில்லைநாயகி மருமகளைக் கூடுதலாகவே விரட்டினாள்.

நல்ல மாமியார் வேஷம்

ஊர் திரும்பிய சில நாளில் எனக்கு ஒரு போன் வந்தது. சகாயா.

"அம்மாவ சனிக்கிழமை திண்டுக்கல்லுக்குக் கூட்டிட்டு வாரேன். சேலை எடுக்கன்னு சொல்லியிருக்கேன். வர்ற வழியில ஒங்க வீட்டுக்கும் ஒரு எட்டு வருவோம். ஒண்ணும் ஏற்பாடு பண்ணாதீங்க. நீங்க எப்பவும் போல இருங்க, போதும்" என்றாள்.

எப்பவும் போல இருப்பது எப்படி என்று எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. சனிக்கிழமை காலையிலேயே குளித்து, கஞ்சி போட்ட வெளிர்நீல நூல்சேலை உடுத்தி, கண்மையை விட்டுவிட்டு, தலையைத் தளர முடிந்து, நெற்றியில் சிலுவைக் குறி போட்டுக்கொண்டேன். பால் பாயசம் வைத்தேன். கண்ணாடி முன் நின்று, "வாங்கம்மா, உங்க வீடு மாதிரி நெனச்சுக்கங்க" என்று சொல்லிப் பார்த்தேன். என் கணவர் எட்டிப் பார்த்து, இது எந்தப் படத்துக் காஸ்ட்யூம் என்று கேட்டார்.

வந்தார்கள். ஏமாற்றி அழைத்துவந்த கோபம் லூர்து மேரியின் முகத்தில் அப்படியே இருந்தது. சோபாவின் நுனியில், கைப்பையை மடியில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்தார். நான் சிரித்த முகத்தோடு பாயசத் தம்ளர்களைத் தட்டில் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். வாங்கிக்கொண்டார். குடிக்கவில்லை. தம்ளரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. போன வாரம்தான் சீரியலில் நான் மருமகளுக்குப் பாலில் எதையோ கலந்து கொடுத்திருந்தேன். அதையும் இப்படித்தான், தட்டில் வைத்து, சிரித்துக்கொண்டே.

என் கணவர் எழுந்து வந்தார். அந்தத் தம்ளரை லூர்து மேரியின் கையிலிருந்து மரியாதையாக வாங்கி, ஒரு வாய் குடித்துவிட்டு, "இனிப்பு கொஞ்சம் தூக்கல்" என்று சொல்லிவிட்டுத் தன் இடத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். சகாயா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நிலைமையைச் சரிசெய்ய நான் இன்னும் கொஞ்சம் அகலமாகச் சிரித்தேன்.

"நீங்க செத்த நேரம் சிரிக்காம இருங்க" என்றார் லூர்து மேரி. "நீங்க சிரிச்சாத்தேன் எனக்கு வயித்தக் கலக்குது."

சிரிப்பை நிறுத்தினேன். எதிரே இருந்த நாற்காலியில் உட்கார்ந்தேன். சேலைக் கஞ்சி மொடமொடவென்று குத்தியது. ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனம் எதுவும் உதவாது என்று தெரிந்துவிட்டது.

அவரே பேசினார். "நடிப்புதேன்னு எனக்குத் தெரியும். நான் ஒண்ணும் வெவரம் கெட்டவ இல்ல. ஆனா ஒண்ணு கேக்குறேன். உள்ள ஒண்ணுமே இல்லாம இம்புட்டும் வெளிய வருமா?"

பத்திரிகைக்காரர்கள் என்னிடம் எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறார்கள். இதை யாரும் கேட்டதில்லை.

"வராது" என்றேன். "உள்ள இருக்கு. எனக்குக் கோவம் நெறைய உண்டு. ஆளுக்காளு அழுன்னு சொன்னப்பல்லாம் அழுதுட்டு வந்தவ நான். அது எங்கயாச்சும் போயிக் கெடக்கும்ல? இப்ப அதை அங்க போயிக் கொட்டுறேன். வீட்டுக்கு வரும்போது காலியாத்தேன் வாரேன்."

அவர் என் கணவரைப் பார்த்தார். இவர் ஆமாம் என்று தலையாட்டினார்.

"அந்தப் பார்வை?" என்றார் லூர்து மேரி.

"அது என் மாமியாரோடது."

அவருடைய முகம் மாறியது. என் மாமியாரும் கொடுமைக்காரிதான் என்று எடுத்துக்கொண்டார். அவசரமாக மிச்சத்தையும் சொன்னேன். என் மாமியார் அன்னம்மாளுக்கு இடது கண் பார்வை மங்கல். யாராவது வந்தால் அந்தக் கண்ணைச் சுருக்கி, மோவாயைத் தூக்கி, ரொம்ப நேரம் பார்ப்பார். கல்யாணமாகி வந்த புதிதில் அந்தப் பார்வைக்கு நான் நடுங்கியிருக்கிறேன். நாடகக்காரி என்று என்னை எடைபோடுகிறார் என்று நினைத்தேன். அவர் வந்தது யார் என்று பார்த்துக்கொண்டிருந்தார், அவ்வளவுதான். பார்த்து முடித்த பிறகு, "ஆரு, அமலியா? சாப்டியா?" என்று கேட்பார். கைப்பிள்ளையாக இருந்த ஜெரால்டை இடுப்பில் வைத்துக்கொண்டு, என்னை ஷூட்டிங்குக்கு பஸ் ஏற்றி விட்டதும் அவர்தான்.

"பார்வைய மட்டுந்தேன் எடுத்துக்கிட்டேன்" என்றேன். "அதுக்கப்புறம் வர்ற கேள்வியை அங்க யாரும் கேக்க விட மாட்டாங்க."

லூர்து மேரி கைப்பையை மடியிலிருந்து எடுத்துப் பக்கத்தில் வைத்தார்.

"எம்மாமியா ஒரு நாளும் கத்துனதில்ல" என்றார். "ஊரே அப்படி ஒரு தங்கமான பொம்பளைன்னு சொல்லும். சிரிச்சுக்கிட்டேதேன் எல்லாத்தையும் செஞ்சா. வெஞ்சனத்த எடுத்து ஒளிச்சு வச்சுட்டு, ஏம்மா வெறுஞ்சோறு திங்கிறேன்னு நாலு பேர் முன்னாடி கேப்பா. நான் எதச் சொல்லி யாரு நம்புவா? அதேன், நீங்க அன்னைக்குத் தட்டோட சிரிச்சுக்கிட்டே எறங்குனதும் எனக்கு ஈரக்குலை நடுங்கிப்போச்சு."

சகாயா அம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். இது அவளுக்கும் புதிய செய்தி என்று தெரிந்தது.

"எம்பொண்ணத் திட்டுவீங்களா?" என்று கேட்டார் லூர்து மேரி.

"திட்டுவேன். தப்புப் பண்ணா எங்க வீட்டுக்காரரையே திட்டுவேன். ஆனா தெருமுக்குல நின்னாலும் கேக்குற மாதிரித்தேன் திட்டுவேன். ஒளிச்சு வச்சுத் திட்டத் தெரியாது."

அதற்கு அவர் சிரித்தார். நல்ல பல்வரிசை அவருக்கு. என் கணவர் சத்தமில்லாமல் எழுந்து போய் இன்னொரு தம்ளர் பாயசம் கொண்டுவந்து வைத்தார். இந்தத் தடவை குடித்தார். பாதி குடித்துவிட்டு, குரலைத் தாழ்த்திக்கொண்டு என் பக்கம் குனிந்தார்.

"அது சரி, அந்தப் புள்ள வீட்டவிட்டுப் போயிருவாளா?"

எந்தப் பிள்ளை என்று எனக்கு ஒரு கணம் புரியவில்லை. பிறகு புரிந்தது. சீரியல் மருமகள். கதையை வெளியே சொல்லக்கூடாது என்பது எங்கள் தொழிலில் பெரிய கட்டுப்பாடு.

"வெளியாளுகிட்டச் சொல்லக்கூடாது" என்றேன். "சம்பந்தின்னா சொல்லலாம்."

அவர் மகளைத் திரும்பிப் பார்த்தார். மகள் ஜன்னல் பக்கம் பார்த்தாள். ஜெரால்டு மில்லிலிருந்து வந்து வண்டியை நிறுத்திக்கொண்டிருந்தான்.

"சரி, சொல்லுங்க சம்பந்தி" என்றார் லூர்து மேரி.

ஓலையில் ஒரு தடை

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்க இருக்கிறது, இதற்குத் தடை ஏதும் இருப்பதாகத் தெரிந்தவர்கள் பங்குத் தந்தையிடம் அறிவிக்கக் கடமைப்பட்டிருக்கிறார்கள் என்று.

சகாயாவின் ஊர்க் கோயிலில் முதல் ஓலை வாசித்து முடிந்ததும், பூசைக்கு வந்திருந்த ஒரு பெரியம்மா நேராகப் பங்குச் சாமியாரின் அறைக்குப் போயிருக்கிறார். தடை இருக்கிறது என்றிருக்கிறார். சாமியார் பதறிப்போய் உட்காரச் சொல்லி விசாரித்திருக்கிறார். "பையனோட அம்மா யாருன்னு தெரியுமா சாமி? டிவியில ஒரு புள்ளைய அந்தப் பாடு படுத்துறா. நம்ம ஊர்ப் புள்ளையத் தெரிஞ்சே அனுப்பலாமா?"

சாமியாரே இதைப் பிறகு என்னிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். திருச்சபைச் சட்டத்தில் திருமணத் தடைகள் என்று ஒரு பட்டியல் உண்டாம். அதில் சீரியல் வரவில்லை என்று அந்த அம்மாவுக்கு எடுத்துச் சொன்னாராம். அவர் சமாதானம் ஆகவில்லை. அப்போது அங்கே வந்து அவரைக் கையைப் பிடித்து வெளியே கூட்டிக்கொண்டு போனவர் வேறு யாருமில்லை, லூர்து மேரிதான். என்ன சொன்னார் என்று தெரியாது. அடுத்த ஞாயிறு அந்தப் பெரியம்மா எனக்கென்று ஒரு பந்து மல்லிகை கட்டிக் கொடுத்தனுப்பியிருந்தார்.

அதற்குள் என் சம்பந்தி நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் ஒரு தீர்க்கதரிசி ஆகியிருந்தார். இந்த வாரம் அந்தப் பெண்ணுக்கு ஒரு கண்டம் இருக்கிறது, ஆனால் தப்பித்துவிடுவாள் என்று பூ நிறுக்கும் இடத்தில் சாதாரணமாகச் சொல்வாராம். சொன்னபடியே நடக்குமாம். எடை போடுகிறவர்கள்கூட அவருடைய கூடைக்கு முதலிடம் கொடுக்கிறார்கள் என்று அருளப்பன் சொன்னார்.

காப்பிக்கு அப்புறம்

ஆவணியில் கல்யாணம், பெண் வீட்டுக் கோயிலிலேயே. மேடையெல்லாம் மல்லிகை. என் சீரியல் மருமகளாக நடிக்கும் பெண்ணும் சென்னையிலிருந்து வந்திருந்தாள். அவளைப் பார்த்ததும் ஊர்ப் பெண்கள் சூழ்ந்துகொண்டு, நல்லா சாப்பிடு தாயி என்று இரண்டு இலைக்குப் பரிமாறிவிட்டார்கள். நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்து அவளுக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்ததைப் பார்த்து ஒரு பாட்டியம்மா, "இப்பவாச்சும் புத்தி வந்துச்சே" என்றார்.

விருந்து முடிந்து பெண்ணை அழைத்துக்கொண்டு கிளம்பும் நேரம். கார் கதவு திறந்திருந்தது. அருளப்பன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தோட்டத்துப் பக்கம் போய் நின்றுவிட்டார். லூர்து மேரி மகளின் கையைப் பிடித்து என் கையில் வைத்தார். வழக்கமாக அப்போது சொல்லும் வார்த்தைகள் உண்டு. எம்பொண்ணு இனிமே ஒங்க பொண்ணு, கண்ணுக்குக் கண்ணா பாத்துக்கங்க என்பது போல. அவர் அதெல்லாம் சொல்லவில்லை. மகளின் கையையும் விடவில்லை. எங்கள் மூன்று பேர் கைகளும் ஒன்றின் மேல் ஒன்றாக அப்படியே இருந்தன.

பிறகு என் காதருகே வந்து, யாருக்கும் கேட்காமல் சொன்னார்.

"காலையில சட்டுன்னு எந்திரிக்க மாட்டா சம்பந்தி. காப்பி குடிக்கிற வரைக்கும் அவளுக்கு ஒரு பேச்சும் ஏறாது. திட்டுறதா இருந்தா, காப்பி குடிச்சப்புறம் திட்டுங்க."

சரி என்றேன். சத்தியம் மாதிரி அவர் கையை ஒரு தடவை அழுத்தினேன். அதற்குப் பிறகுதான் அவர் பிடியைத் தளர்த்தினார்.

சகாயா எங்கள் வீட்டுக்கு வந்து வருஷங்கள் ஆகின்றன. இப்போது திண்டுக்கல்லிலேயே ஒரு பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கிறாள். லீவு நாட்களில் வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் கதவு திறக்கும். ஊறப்போட்ட துணியோ, சாத்தாமல் விட்ட பிரிட்ஜோ, ஏதாவது ஒன்றை மனசில் வைத்துக்கொண்டு நான் தயாராக இருப்பேன். அவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு வந்து, சமையலறைத் திண்டில் ஏறி உட்கார்ந்து, காப்பித் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொள்வாள்.

நான் வாக்குக் கொடுத்தவள். காத்திருப்பேன். அவள் ஆற அமர அதைக் குடித்து முடிப்பதற்குள், எதற்காகத் திட்ட நினைத்தேன் என்பது எனக்கு மறந்துபோய்விடும்.